சொத்து வரியில் சதவீதத்தைத் திட்டுமுன் சதுர அடியைப் பாருங்கள்

சென்னையில் அரையாண்டு பிறந்தால் போதும், ஃபேஸ்புக் முழுக்க ஒரே வசவு. 2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள், 2024 அக்டோபரில் இன்னொரு 6% சேர்த்தார்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் சதவீதத்தை மனு போட்டுக் குறைக்க முடியாது. உங்கள் வீட்டுக்கென்று மாநகராட்சிப் பதிவில் ஏறியிருக்கும் பரப்பு, பயன்பாடு, குடியிருப்பது நீங்களா வாடகைதாரரா என்ற விவரம், இவை தப்பாக இருந்தால் திருத்தலாம். அதைத்தான் பலர் ஒரு தடவைகூடத் திறந்து பார்ப்பதில்லை.

கணக்கு இதுதான். கட்டடப் பரப்பை, உங்கள் தெருவுக்கென்று மாநகராட்சி சதுர அடிக்கு வைத்திருக்கும் அடிப்படைக் கட்டணத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. நீங்கள் நிஜமாக வாங்கும் வாடகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. 12 மாதம்தானே, இது என்ன 10.92 என்று கேட்பவர்களுக்கு: மதிப்பில் 10% நிலத்துக்கு. மீதி 90% கட்டடத்துக்கு, அதில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக் கழிவு. மிச்சம் 91%. பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். இந்த ஆண்டு மதிப்பின் மேல்தான் வரி, கூடவே நூலக வரி. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) வரிக்கும் இதே மதிப்புதான் அடிப்படை. ஆக, பரப்பில் ஒரு பிழை என்றால் இரண்டு இடத்தில் காசு போகும்.

2022 உயர்வைப் பாருங்கள். பழைய சென்னைப் பகுதியில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50%, 1,200 வரை 75%, 1,800 வரை 100%, அதைத் தாண்டினால் 150%. (2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளுக்கு 25, 50, 75, 100.) தாண்டிய அடிகளுக்கு மட்டுமல்ல, மொத்த வரிக்கும் அந்த உயர்வு. பதிவில் 1,790 என்று இருந்தால் பழைய 2,000 ரூபாய் 4,000 ஆனது. 1,810 என்று இருந்தால் 5,000. அந்த இருபது சதுர அடி ஒரு பால்கனிக்குக்கூடக் காணாது!

ஃபிளாட்காரர்கள் இதில் உஷாராக இருக்க வேண்டும். பில்டர் விற்ற பரப்பில் படிக்கட்டு, லாபியின் பங்கும் சேர்ந்திருக்கும். பதிவில் எந்த அளவு ஏறியிருக்கிறது என்பதை அனுமதி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். தனி வீட்டுக்காரர்களுக்கு வேறு சிக்கல்: கீழே இருந்த கடையை மூடி வருஷமாகியிருக்கும், பதிவில் அது இன்னும் கடையாகவே இருக்கும். கடைக்கு விகிதம் வேறு, அதிகம்.

பழைய ரசீதில் மண்டலம், கோட்டம், பில் எண், துணை எண் என்று நான்கு பகுதியாக வரி எண் இருக்கும். அதை வைத்து மாநகராட்சி இணையதளத்தில் பாருங்கள். தப்பு இருந்தால் மண்டல அலுவலகத்தில் உதவி வருவாய் அலுவலருக்கு மனு கொடுங்கள். பத்திர நகல், வரைபடம், கடைசி ரசீது, மின் கட்டண ரசீது இணையுங்கள். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். அளக்க ஆள் வரும்போது வீட்டில் இருங்கள், அளவுகளை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பரப்பும் பயன்பாடும் ரசீதிலேயே அச்சாகி வந்தால் இந்த அலைச்சலில் பாதி மிச்சம்.

மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியை நிறுத்தாதீர்கள். கெடு தாண்டினால் மாதம் 1% தனிவட்டி. ஏப்ரல் 30, அக்டோபர் 30-க்குள் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5% ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு: பாக்கி சொத்தோடுதான் வரும், விற்றவரோடு போகாது. வில்லங்கச் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறார்கள். வரி எண்ணையும் வாங்கி நிலுவை பாருங்கள். பதிவு முடிந்ததும் வரிப் பதிவில் பெயர் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறாவிட்டால் பத்திர நகலோடு விண்ணப்பம். பெற்றோர் வழி வந்த வீடென்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும்.