மெஷினை ஓட்டினால் போதுமாம்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாளையங்கோட்டை வேலைவாய்ப்பு முகாம். "டிசைன் எல்லாம் அங்கே பார்த்துக்கிடுவாங்க, உங்க பிள்ளைங்க மெஷினை ஓட்டினாப் போதும்" என்கிறார் வெளிநாட்டுக் கம்பெனி அதிகாரி. கூட்டம் கைதட்டுகிறது. முன்வரிசைப் பேராசிரியர்களும் தட்டுகிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. அதைச் சொன்னதற்கு வந்த கமெண்டுகளுக்குத்தான் இந்தப் பதில்.

கம்பெனி வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே கமெண்டில் வந்து ஆரம்பித்துவிடுவீர்கள். வரட்டும். ஆனால் முதலீடு வந்தால் தொழில்நுட்பமும் கூடவே வந்து இறங்கிவிடாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். எழுதி வாங்க வேண்டும்.

தூத்துக்குடிக்கு வந்த வின்ஃபாஸ்டையே பாருங்கள். 2017-ல் தொடங்கிய வியட்நாம் கார் கம்பெனி. முதல் கார்களுக்கு ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவிடம் காசு கொடுத்து தொழில்நுட்ப உரிமம் வாங்கினார்கள். 2025 ஆகஸ்டில் நம் பக்கம் ஆலை திறந்துவிட்டார்கள். கொரியாவின் ஹூண்டாய் 1975-ல் போனி கார் விட்டபோது எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷியுடையது, வடிவம் இத்தாலிக்காரர் போட்டது. 1991-ல் சொந்த எஞ்சின். 1998-ல் நம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து சான்ட்ரோ கார். கேட்டார்கள், வாங்கினார்கள், உட்கார்ந்து படித்தார்கள். நாம் கைதட்டுகிறோம்.

"உனக்கு என்னலே தெரியும்" என்பவர்களுக்கு: தொண்ணூறுகளில் கயத்தாறு பக்கம் கரண்ட் எடுக்கிற காற்றாலைக் காத்தாடியில் வேலை பார்த்தவன் நான். மேலே ஏறி கியர் பாக்ஸ் ஆயில் மாற்றுவோம், போல்ட் முறுக்குவோம். அதை இயக்கும் கண்ட்ரோலர் மக்கர் பண்ணினால் வெளிநாட்டு எஞ்சினியர் வரும்வரை மெஷின் நிற்கும். ஆடிக் காற்று அந்தப் போடு போடும்போதும் நிற்கும். அவர் வந்ததும் எங்களை டீ குடிக்க அனுப்பிவிடுவார். பாஸ்வேர்டு போடும்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. நல்ல மனுஷன்தான், என் பிள்ளைக்கு சாக்லேட் எல்லாம் கொண்டுவருவார். ஒப்பந்தத்தில் இல்லாததை அவர் எதற்குச் சொல்லித்தர வேண்டும்?

தொழில்நுட்பத்தையும் சொல்லித்தா என்று நிபந்தனை போட்டால் கம்பெனிகள் ஆந்திராவுக்குப் போய்விடுவார்களாம். போகலாம், அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் துறைமுகமும் காற்றும் டிப்ளமோ பையன்களும் இங்கே இருப்பதால்தானே வருகிறார்கள்? அப்புறம், உலக வர்த்தக அமைப்பின் விதி என்கிறார் ஒரு தம்பி. உண்மைதான், உள்நாட்டுப் பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. 2016-ல் அங்கே நடந்த சோலார் பேனல் வழக்கில் இந்தியா அமெரிக்காவிடம் தோற்றது. அது பொருளுக்கான விதி தம்பி. நிலமும் சலுகையும் கொடுக்கும்போது நாலு பையன்களை டிசைன் பிரிவில் உட்காரவை என்று கேட்பதை அது தடுக்கவில்லை.

கம்யூனிஸ்ட் என்றவர்களுக்குப் பதில் கிடையாது.

"உம்ம மகனே ஒரகடத்துல வெளிநாட்டுக் கம்பெனியிலதான இருக்கான்" என்று எழுதிய அண்ணாச்சிக்கு மட்டும் சொல்கிறேன். ஆமாம், இருக்கிறான். மெக்கானிக்கல் முடித்தவன். அங்கே என்னப்பா வேலை என்று கேட்டால், "பார்ட்டை எடுத்து வைக்கேன்ப்பா" என்கிறான், வேறு பேச்சுக்குப் போய்விடுகிறான். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அவனை இழுத்தால் பிளாக்தான், அண்ணாச்சியாக இருந்தாலும் சரி.