முப்பது உயிரோடு வளர்ந்தவர்களின் கோபம்

ஓடிக்கொண்டே சுடும் பழைய ‘கான்ட்ரா’ வீடியோ கேமின் புதிய பதிப்பான ‘கான்ட்ரா: ஆபரேஷன் கலுகா’ 2024 மார்ச்சில் வெளிவந்தபோது தொடங்கிய சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. எங்கள் வயதுக்காரர்கள் கூடும் எந்தப் பதிவிலும் அதைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டால் போதும். முதல் பத்து மறுமொழிகளுக்குள் ஒருவர் வந்து, ஒரு குண்டு பட்டால் சாக வேண்டும், அதுதான் கான்ட்ரா, இன்னும் எத்தனை அடி தாங்கலாம் என்று காட்டும் உயிர்ப்பட்டையை வைத்து நாலு அடி வாங்கிக்கொண்டு நடமாடுவதெல்லாம் கான்ட்ரா ஆகாது என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போவார். அவருக்குக் கீழே அறுபது பேர் ஆமோதித்திருப்பார்கள். நானும் அந்த விளையாட்டை வாங்கி, முழுவதும் முடித்து, பல மாதங்கள் யோசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த குறைகளில் பாதிக்கு மேல் நியாயமானவை. ஆட்களின் உருவங்கள் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மைகளைப் போலத்தான் இருக்கின்றன. வெளியான அன்று வைத்த 40 டாலர் விலை எட்டே கட்டங்கள் உள்ள ஒரு விளையாட்டுக்கு மிக அதிகம். நடுநடுவே வரும் வசனக் காட்சிகளை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை. விலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முதல் கான்ட்ராவை எங்கள் ஊரில் விளையாடியவர்களில் அதைச் செய்த ஜப்பானிய நிறுவனமான கொனாமிக்கு ஒரு பைசாவாவது கொடுத்தவர் எவருமில்லை, ஆகவே நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று நாம் குரல் உயர்த்தும்போது எனக்குச் சற்றே சிரிப்பு வருகிறது. என் கருத்து வேறுபாடெல்லாம், அந்த ஒரு குண்டை வைத்துக்கொண்டு ‘அசல்’ என்று பேசுகிறவர்களோடுதான்.

நான் கீழக்கரைக்காரன். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களைச் சபராளிகள் என்று சொல்லும் ஊர் எங்களுடையது. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது தைலமும் துணியும் பால்பவுடரும் வைத்துக் கயிற்றால் கட்டிய அட்டைப் பெட்டிகள்தாம் எங்களுக்கு உலகச் சந்தை. 1997-ல் என் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த அப்படியொரு பெட்டியின் அடியில், இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரு துப்பாக்கியும் மஞ்சள் நிறக் கேசட்டும் சேர்ந்த டிவி கேம் ஒன்று இருந்தது. மாமா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மச்சான் வீட்டுச் சாமான் என்பதால் முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் மச்சானுக்குத்தான். ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இரண்டும் அதில் மட்டுமே இருந்தன. இரண்டாவதில் அவை கிடையாது. ஆகவே எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் அதிகாரம். கான்ட்ராவின் இரண்டு வீரர்களில் அவர் நீலக் கால்சட்டை பில், நான் சிவப்புக் கால்சட்டை லான்ஸ். இன்றுவரை அதில் மாற்றமில்லை.

அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மஃரிப் பாங்குக்குள் எழுந்துவிட வேண்டும் என்பது உம்மாவின் உத்தரவு. ஆடியதைச் சேமித்துவைக்கும் வசதி அதில் கிடையாது என்பதால், பாங்கு கேட்டதும் விளையாட்டை அப்படியே நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடுவோம். திரும்பி வரும்போது அடாப்டர் தோசைக்கல் போலக் கொதித்துக்கொண்டிருக்கும். இடையில் கரண்ட் போயிருந்தால் மறுபடி முதல் கட்டத்துக் காட்டிலிருந்து தொடங்க வேண்டும். உப்புக்காற்றில் கேசட்டின் பற்கள் கறுத்துப்போகும். ஊதினால் சரியாகும் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கடலோரத்தில் ஊதுவதெல்லாம் எடுபடாது. பென்சில் ரப்பரை வைத்துத் தேய்த்தால்தான் படம் வரும்.

இதை நினைவு கொஞ்சுவதற்காகச் சொல்லவில்லை. அந்த மஞ்சள் கேசட்டில் இருந்தது எந்தக் கான்ட்ரா என்பதற்காகச் சொல்கிறேன். 9999 விளையாட்டுகள் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. பட்டியலைப் புரட்டிக்கொண்டே போனால் இருபது முப்பதுக்குப் பிறகு அவையே வேறு எண்களில் திரும்பத் திரும்ப வந்தன. கான்ட்ரா மட்டும் ஏழெட்டு இடங்களில் இருந்தது. ஓரிடத்தில் தொடங்கினால் கையில் ஏற்கெனவே குண்டுகளை விசிறிபோல விரித்துச் சுடும் ‘எஸ்’ துப்பாக்கி இருக்கும். இன்னோரிடத்தில் நேராகப் பனிக்கட்டத்தில் இறக்கிவிடும். நாங்கள் எப்போதும் தேர்ந்தெடுத்த எண்ணிலோ, எந்தப் பொத்தானையும் அமுக்காமலேயே ஆளுக்கு முப்பது உயிர்கள் வந்துவிடும். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்ற அந்தப் புகழ்பெற்ற சங்கேதத்தை நான் கேள்விப்பட்டதே கல்லூரியில்தான். கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற கொனாமிக்காரர், 1986-ல் ‘கிராடியஸ்’ விளையாட்டை வீட்டு டிவி கேம் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கும் தமக்கே அது கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. கான்ட்ராவில் அதுவே மூன்று உயிரை முப்பதாக்கியது. ஆக, செய்தவர்களே தங்களுக்கென்று ஒரு பின்வாசலைத் திறந்துவைத்திருந்தார்கள். எங்களுக்கோ யாரோ முகம் தெரியாத கள்ளக் கேசட்காரர் அந்தக் கதவையே கழற்றி வைத்துவிட்டார். ஒரு குண்டு பட்டால் சாவு என்பது உண்மைதான். ஆனால் இன்னும் இருபத்தொன்பது உயிர் மிச்சமிருக்கும்போது அந்தச் சாவுக்கு என்ன மரியாதை? மூன்றே உயிரோடு கான்ட்ராவை முடித்தவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. இன்று உயிர்ப்பட்டையைப் பார்த்துக் கொதிப்பவர்களில் எத்தனை பேர் முடித்திருப்பார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் கேட்காமல் விடுகிறேன். போதாக்குறைக்கு, அந்தப் பட்டை வேண்டாமென்று நினைத்தால் ஒரே அடியில் சாகும் முறையைத் தேர்ந்துகொள்ளப் புதிய விளையாட்டிலேயே வழியிருக்கிறது. அதைக்கூடப் பார்க்காமல்தான் பாதிப் பேர் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

2019-ல் கொனாமி பழைய கான்ட்ராக்களைத் திரட்டி ஒரே தொகுப்பாக வெளியிட்டது. அதில் 1988-ன் ஜப்பானியப் பதிப்பைத் திறந்தபோது நான் திகைத்துப்போனேன். முதல் கட்டத்தில் மரங்களின் இலைகள் காற்றில் ஆடின. பனிக்கட்டத்தில் பனி கொட்டியது. கட்டங்களுக்கு நடுவே கதைப் படங்கள் வந்தன. அந்தக் கேசட்டுக்குள் கொனாமி தானே வடிவமைத்த ஒரு கூடுதல் சில்லு இருந்தது. ஜப்பானுக்கு வெளியே விற்றதில் அது இல்லாததால் இந்த அசைவெல்லாம் உதிர்ந்துபோயின. பத்து வயதிலிருந்து எனக்கு மனப்பாடமான அந்தக் காடு அசையாமல் நின்றது வரைந்தவரின் விருப்பத்தால் அன்று, ஒரு சில்லு குறைந்ததால். ஐரோப்பாவில் விற்றதோ இன்னொரு மாதிரி. மனிதர்கள் மனிதர்களைச் சுடுவதாகக் காட்டினால் ஜெர்மனியில் சிக்கல் வருமென்று பில்லையும் லான்ஸையும் இயந்திர மனிதர்களாக்கி, பெயரையும் ‘புரோபோடெக்டர்’ என்று மாற்றியிருந்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் முந்தைய 1987-ன் கான்ட்ராவோ, கடையில் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் திரையில் ஓடிய வேறொரு விளையாட்டு. பெர்லினில் வளர்ந்த ஒருவருக்குக் கான்ட்ரா என்றால் ரோபோ. எனக்கு முப்பது உயிர். ஜப்பானியருக்கு ஆடும் இலை. இவர்களில் யாருடைய அசலைக் கலுகா கெடுத்துவிட்டது?

கதை நடக்கும் இடம்கூட ஒன்றில்லை. ஜப்பானில் எழுதிய கதைப்படி அது 2633-ஆம் ஆண்டு, நியூசிலாந்துக்கு அருகிலுள்ள கலுகா என்னும் தீவுக்கூட்டம். அமெரிக்காவுக்கு வந்தபோது அதை நிகழ்காலத் தென்னமெரிக்கக் காடாக மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டும் தெரியாது; கையேடும் கிடையாது, இருந்தாலும் வாசித்திருக்க மாட்டோம். அது அப்பா தீவு என்று மச்சான் சொன்னார், நாங்கள் ஏற்றுக்கொண்டோம். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் எங்கள் கடற்கரைக்கு எதிரே கிடப்பவற்றில் ஒன்று அது. அவ்வளவு பெரிய காடோ அருவியோ அங்கே கிடையாது என்பது எங்களுக்கும் தெரியும். பரவாயில்லை. புதிய பதிப்பின் பெயரில் ‘கலுகா’ என்று பார்த்து, அது உண்மையாகவே ஒரு தீவுக்கூட்டம்தான் என்று பிறகு படித்தபோது, மச்சானுக்கு உடனே செய்தி அனுப்பினேன். “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்று பதில் வந்தது.

பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தபோதும் இதே சத்தத்தைக் கேட்டேன். 1914-ன் பழைய பாலத்தைப் போல வருமா என்று உருகி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் மேல் ரயிலில் போனவர்கள் அல்லர், படத்தில் பார்த்தவர்கள். பழைய பாலத்தில் ரயில் ஆமைபோல ஊர்ந்ததும், 2022 டிசம்பருக்குப் பிறகு ரயிலே ஓடாமல் நின்றதும் தீவுக்காரர்களுக்குத்தான் தெரியும். அது இருக்கட்டும்.

அப்படியானால் எதை எப்படி மாற்றினாலும் சரியா என்று கேட்பீர்கள். சரியில்லை. 2019-ல் வந்த ‘ரோக் கோர்ப்ஸ்’ என்ற கான்ட்ராவைத் தூக்கி எறிந்தவர்கள் செய்தது மிகச் சரி. பக்கவாட்டில் ஓடுவதை விட்டு மேலிருந்து பார்க்கும் கோணத்துக்குப் போனதைக்கூட மன்னிக்கலாம். சுட்டுக்கொண்டே இருந்தால் துப்பாக்கி சூடேறி நின்றுவிடும்படி அமைத்தார்கள் பாருங்கள், அதைச் செய்தவர் கான்ட்ராவை ஒருநாள்கூட விளையாடியிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றியது. சுடும் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுக்காமலிருப்பதுதானே அந்த விளையாட்டு.

அதோடு இன்னொன்றும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதுதான் உயிர்நாடி. கான்ட்ராவில் இருவருக்கும் ஒரே திரை. மூன்றாம் கட்டமான அருவியில் மச்சான் அவசரப்பட்டு மேலே தாவினால் திரை அவரோடு ஏறிவிடும், கீழே நிற்கும் நான் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவேன். எதிரி சுட்டுச் செத்ததைவிட அந்த அருவியில் அவர் அவசரத்தால் நான் செத்ததே அதிகம். அதற்கு மாற்றாக இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். என் உயிர்களெல்லாம் தீர்ந்துபோனால் அவர் இருப்பிலிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொள்ளலாம். பொத்தானை அமுக்கினால் தானாக வந்துவிடும், அவர் சம்மதம் தேவையில்லை. ஆனாலும், “மச்சான், ஒரு உயிரு கடன் தாங்க” என்று கேட்டுவிட்டு எடுப்பதுதான் எங்கள் தெரு மரியாதை. கேட்காமல் எடுத்ததற்காக ஒருமுறை ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறோம். என் அவசரம் உன்னைக் கொல்லும், உன் சேமிப்பு என்னைக் காப்பாற்றும். உயிர்ப்பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கான்ட்ரா இதுதான். 2007-ல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு ‘கான்ட்ரா 4’ விளையாட்டைச் செய்த வேஃபார்வர்ட் நிறுவனம்தான் கலுகாவையும் செய்தது. ஓட்டமும் தாவலும் சுடுவதும் அவர்கள் கையில் நன்றாகவே வந்திருக்கின்றன. கதை முறையில் இருவரும், ஆர்கேட் முறையில் நால்வரும் சேர்ந்து ஆடலாம்.

ஆனால் அந்த நால்வரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் வசதியை அவர்கள் வைக்கவேயில்லை. 2024-ல் வெளிவந்த ஒரு விளையாட்டில்! என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். உயிர்ப்பட்டையைப் பற்றி எழுதப்பட்ட பத்து வரிகளுக்கு இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படாததுதான் என்னை இந்தப் பதிவை எழுதவைத்தது.

மச்சான் ஷார்ஜாவில் இருக்கிறார். போய்ப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. அன்று அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் கீழக்கரையில் இருப்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் ஷார்ஜாவிலும் தோஹாவிலும் சென்னை மண்ணடியிலும். ஒருவர் ஆடுவதை மற்றவருக்குத் திரையாக அனுப்பி ஆடும் குறுக்குவழி கணினியில் உண்டு. அதையும் இரண்டு வெள்ளிக்கிழமைகள் முயன்று பார்த்தோம். எங்கள் தெரு இணைப்பின் வேகத்தில், அவர் தாவச் சொல்லி அமுக்கியது இங்கே வந்து சேர்வதற்குள் குண்டு பட்டுவிடுகிறது. மூன்றாவது வெள்ளிக்கிழமை இருவரும் பேசிக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டோம்.

ஒரே பாயில் உட்கார்ந்து ஆடுவதுதான் உண்மையான கான்ட்ரா, இணையம் எதற்கு என்று ஒரு நண்பர் வாதிட்டார். உட்கார ஆள் பக்கத்திலேயே இருப்பவர்கள் சொல்லும் பேச்சு அது. ஒரு வீட்டுக்கு ஒருவராவது கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரில், முப்பத்தேழு வருடங்கள் கழித்து ஒரு விளையாட்டை உயிர்ப்பித்துக் கொண்டுவந்து, இருவர் ஆடுவதுதான் இதன் பெருமை என்றும் சொல்லிவிட்டு, அந்த இரண்டாம் ஆளை நீயே விமானத்தில் வரவழைத்துக்கொள் என்றால் என்ன நியாயம்?

வரவழைத்தும் பார்த்தாயிற்று. சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மச்சான் வந்திருந்தார். பெருநாளுக்கு மறுநாள் அதே கூடத்தில் உட்கார்ந்தோம். நான் ஒரே அடியில் சாகும் முறையைத் தேர்ந்தெடுக்கப் போனேன். அவர் கையை நீட்டி என் ஜாய்ஸ்டிக்கை வாங்கி, “எனக்கு நாப்பத்தி மூணு வயசாச்சு, சும்மா இரு” என்று உயிர்ப்பட்டையை வைத்தார். இப்போது இரண்டு ஜாய்ஸ்டிக்கிலும் எல்லாப் பொத்தானும் இருக்கின்றன. ஆனாலும் அதிகாரம் அவரிடம்தான். அஸரிலிருந்து மஃரிப் வரை ஆடினோம். அவர் மகனும் என் மகனும் பின்னால் நின்று பார்த்தார்கள். பிறகு நால்வர் முறைக்கு மாறி அவர்களையும் சேர்த்துக்கொண்டோம். பையன்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள். ஐந்தாம் நாள் மதுரையில் விமானம் ஏறியவர், ஷார்ஜா போய்ச் சேர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, இணையத்தில் சேர்ந்து ஆடும் வசதியை இனிமேலாவது சேர்ப்பார்களா என்பதுதான்.

அடுத்த கான்ட்ரா என்று ஒன்று அறிவிக்கப்பட்டால், முன்னோட்டக் காட்சியில் உருவங்கள் எப்படி இருக்கின்றன, எத்தனை அடி தாங்குகிறார்கள் என்றெல்லாம் நீங்கள் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பேர் ஆடலாம், எங்கிருந்து ஆடலாம் என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்களே, நான் அந்த வரியைத் தேடிக்கொண்டிருப்பேன்.