மெழுகுக்கு எங்கே இடம்?

தத்துவ வகுப்புக்கு எழுதிய மூன்றாவது கட்டுரையும் திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் அதே சிவப்பு மை: "வாதம் எங்கே?" முதல் கட்டுரையில் பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த் சொன்னதைச் சுருக்கி எழுதினேன்; "உன் கருத்து எங்கே?" என்றார்கள் ஆசிரியர்கள். அடுத்ததில் என் கருத்தை எழுதினேன். "இது வெறும் கருத்து" என்றார்கள். சரி, எப்படித்தான் எழுதுவது? நல்ல கட்டுரை ஒன்றை ஒரு நாளாவது காட்டக் கூடாதா?

1641-இல் வந்த தெகார்த்தின் 'தியானங்கள்' நூலில் ஒரு மெழுகுத் துண்டு வரும் பக்கத்தை மட்டும் ஏழு முறை படித்தேன். தீயருகே வைத்ததும் மணம் போகிறது, நிறம் போகிறது, வடிவமும் போகிறது. ஆனாலும் அதே மெழுகு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அந்தக் கேள்வி ராத்திரி தூங்கவிடவில்லை. அதை எழுத எவ்வளவு ஆசை! கொடுத்ததோ 500 சொல். அதற்குள் முன்னுரை, மறுப்பு, மறுப்புக்குப் பதில், முடிவுரை. அப்புறம் மெழுகுக்கு எங்கே இடம்?