கம்பி மட்டும் போதுமா?

வியா ஃபெராட்டா என்கிற மலையேற்றப் பாதையில், பாறையோடு இரும்புக் கம்பியும் ஏணியும் பொருத்தியிருக்கும்போது வழிகாட்டி எதற்கு, காசுக்குப் பிடித்த கேடு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. கை நழுவினால், இடுப்பிலிருந்து பட்டையால் கம்பியில் மாட்டிய கொக்கி பிடித்துக்கொள்ளும், சரிதான். ஆனால் செங்குத்தான இடத்தில் கம்பி அடித்திருக்கும் முந்தைய முளை வரை சறுக்கி, அதற்கும் கீழே போய்த்தான் நிற்போம். அந்த உதறலைத் தாங்கத்தான் பட்டையோடு ஒரு சின்னப் பை. உள்ளே மடித்துத் தைத்த நாடா, தையல் பிரியப் பிரிய வேகத்தைக் குறைக்கும். ஐரோப்பியத் தரப்படி அது 40 முதல் 120 கிலோ எடை உள்ளவர்களுக்கு. எடை குறைந்த பிள்ளை விழுந்தால் தையல் சரியாகப் பிரியாது, அடி முழுக்க உடம்பில் இறங்கும். அதனால்தான் வழிகாட்டி அவர்களைத் தன் கயிற்றில் கட்டிக்கொள்கிறார்.

அப்புறம் இடி. மின்னலில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்து. இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். ஒருமுறை வானம் பளிச்சென்று இருக்கும்போதே, கம்பி தொடங்கும் இடத்தில் வைத்து வழிகாட்டி எங்களைத் திருப்பிவிட்டார். மனசுக்குள் திட்டிக்கொண்டே இறங்கினேன். இரண்டு மணிக்கு மலைக்குடில் ஜன்னல் வழியாக மின்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.