விபத்தில் பயந்த பிள்ளைக்குக் கஷாயம் மட்டும் போதுமா?

கொரியாவில் கார் விபத்து என்றால் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாக ஜனங்கள் போய் நிற்கிற இடம் ஹனுய்வோன், அதாவது பாரம்பரிய மருத்துவக் கிளினிக். பல கிளினிக்குகளின் பெயர்ப்பலகையிலேயே ‘போக்குவரத்து விபத்து’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அக்குபங்சர் ஊசிக்கும் கஷாயத்துக்கும் வாகனக் காப்பீடே பணம் கட்டிவிடும். 2021இல் இந்தக் காப்பீட்டில் பாரம்பரிய மருத்துவத்துக்குப் போன தொகை நவீன மருத்துவத்துக்குப் போனதையே தாண்டிவிட்டது. காப்பீட்டுப் பணத்துக்காக வலி இல்லாமலே ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்பவர்களுக்கு ‘நைலான் நோயாளி’ என்று கேலிப்பெயர்கூட உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். நான் சொல்ல வந்தது குழந்தைகளைப் பற்றி.

சுவோன் நகரில் எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். சிக்னலில் நின்ற அவர்கள் காரைப் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் அதற்கப்புறம் காரில் ஏற மறுத்தாள். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கிற பழக்கமும் திரும்பி வந்தது. தெருவில் பிரேக் சத்தம் கேட்டால் போதும், அம்மாவின் துப்பட்டாவுக்குள் புகுந்துகொள்வாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சொல்வதை, ஆமையைப் பார்த்து அரண்ட நெஞ்சு சட்டி மூடியைப் பார்த்தும் அரளும் என்பார்கள் கொரியர்கள்.

பக்கத்து வீட்டுக் கொரியப் பாட்டிதான் ஹனுய்வோனுக்கு அழைத்துப் போனார். மருத்துவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கம் எப்படி, கனவில் என்ன வருகிறது என்று அவளிடமே கேட்டார். இதயமும் பித்தப்பையும் பலவீனமாகிவிட்டன, அதனால்தான் திடுக்கிடுகிறாள் என்பது அவர்கள் கணக்கு. ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கென்றே, தோலில் ஒட்டிவிடுகிற குட்டி ஸ்டிக்கர் ஊசி இருக்கிறது. கஷாயம் பாக்கெட் பாக்கெட்டாக வந்தது. கோதுமை, சீன இலந்தை, அதிமதுரம் மூன்றும் சேர்ந்த பழைய மருந்து அது. வெந்நீரில் பாக்கெட்டைப் போட்டுச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். தித்திப்பாக இருந்ததால் அவளும் மறுக்காமல் குடித்தாள்.

கொஞ்ச நாளில் தூக்கம் சரியானது. மருந்து வேலை செய்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. விபத்துக்குப் பிறகு பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விபத்துப் பயத்துக்கு இந்தக் கஷாயம் கேட்கும் என்பதற்குப் பலமான ஆதாரம் கிடையாது. இனிப்பாக இருக்கிறதே என்று இஷ்டத்துக்குக் கொடுக்கவும் கூடாது. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும்.

ஆனால் அந்த மருத்துவர் கேட்ட கேள்விகள் வீண் இல்லை. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் யாரும் அவளிடம் கனவைப் பற்றிக் கேட்கவில்லை.

என் குறையெல்லாம் பெற்றோர் அதோடு நின்றுவிடுவதில்தான். அவள் தூங்க ஆரம்பித்தாளே தவிர, காரில் ஏறவில்லை. ஒரு மாதம் கழிந்தும் பயம் போகவில்லை என்றால் குழந்தை மனநல மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். நடந்ததைக் குழந்தையைக் கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவைத்து, பயப்படும் விஷயத்துக்குப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. ஆதாரம் அதிகம் இருப்பது அதற்குத்தான். இதைச் சொன்னதும் அவள் அம்மா, “அங்க போனா எஃப் கோடு விழுந்துடும்ல அக்கா? நாளைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க முடியாதுங்கறாங்களே” என்றாள். மனநோய்களுக்குப் பதிவேட்டில் போடும் குறியீடுதான் அந்த எஃப். கொரியர்களே அதற்குப் பயந்து கிளினிக் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

2013 ஏப்ரலிலிருந்து, மருந்து எழுதாமல் ஆலோசனை மட்டும் பெற்றால் எஃப் கோடு இல்லாமல் ‘ஆலோசனை’ என்று இசட் கோடிலேயே பதிவு செய்ய கொரியாவில் வழி இருக்கிறது. இங்கே இருக்கும் நம்மவர்கள் அப்பாயிண்ட்மென்ட் வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை குடிக்கிற கஷாயத்தின் பெயரை அந்த மனநல டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.