கைத்துப்பாக்கி உரிமம் ஒழிந்துவிட்டதா? இல்லை

"2022 தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில் எந்த மாநிலமும் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்கக்கூடாது, கட்டணமும் வாங்கக்கூடாது" என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு. இதை நம்பி உரிமமில்லாமல் துப்பாக்கியுடன் வெளியே போனால் பல மாநிலங்களில் கைதாக நேரிடும்.

அந்த ஆண்டு ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு நியூயார்க் மாநிலம் விதித்த ஒரு நிபந்தனையைத்தான். மற்றவர்களுக்கு இல்லாத தனிக் காரணம் தனக்கு உண்டு என்று விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டும் என்றது அது. உரிமமே கூடாது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. கட்டணம் மிகையாகி உரிமையையே பறித்தால் வழக்குத் தொடர இடமுண்டு என்று ஓர் அடிக்குறிப்பில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

உரிமம் இன்றும் தொடர்கிறது: அதைப் பெற இல்லினாய்ஸ் மாநிலவாசி 150 டாலர் கட்டி 16 மணி நேரப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பயிற்சிச் செலவு தனி.

சரி, டெக்சாஸ்? 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத 21 வயதானவருக்கு உரிமம் கட்டாயமில்லை. ஆனால் 40 டாலர் உரிமம் ஒழிக்கப்படவில்லை. அதற்குப் பயனும் உண்டு: பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் பொது இடத்தில் துப்பாக்கியுடன் நடமாட மத்திய சட்டம் தடை போடுகிறது, அந்த மாநிலத்தின் உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு.