பாலிசி போகலைன்னு உடனே ஏஜென்ட்டை தூக்காதீங்கப்பா

ஆபீஸ் மெஷின் எல்லாத்தோட ஆன்டிவைரஸையும் ஒரே இடத்துல இருந்து நடத்தற கன்சோலை பாக்கறவங்க நிறைய பேர்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு. பாலிசில, அதாவது மெஷின்களுக்கு அனுப்பற செட்டிங் தொகுப்புல, ஒரு எக்ஸ்க்ளூஷன் (ஸ்கேன் பண்ணாம விட வேண்டியது) சேர்த்து சேவ் பண்ணுவாங்க, ரெண்டு நிமிஷம் பாப்பாங்க, அந்த மெஷின்ல வரலைன்னா உடனே ஏஜென்ட்டை (சர்வரோட பேசறதுக்கு மெஷின்ல இருக்கற ப்ரோக்ராம்) அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போட்டுடுவாங்க. சரியாகும், ஆகாதுன்னு சொல்லல. ஆனா ஏன் வரலைங்கறதுக்கு சாட்சியா இருந்த லாக் அத்தனையும் அதோட போச்சு. அடுத்த வாரம் அதே காரணத்தால இன்னும் நாப்பது மெஷின் நின்னா நாப்பதையும் அழிச்சு போடுவீங்களா? மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டை கொளுத்தற வேலை இது.

முதல்ல நேரத்தை பாருங்க. சேவ் பண்ணின உடனே போய் ஒட்டிக்கற சமாச்சாரம் இல்ல இது, பெரும்பாலான ப்ராடக்ட்ல ஏஜென்ட் தான் சர்வரை தேடி வந்து "புதுசா ஏதும் இருக்கா"ன்னு கேக்கும். கேஸ்பர்ஸ்கில டீஃபால்ட் 15 நிமிஷம். மெக்காஃபியா இருந்து இப்ப ட்ரெலிக்ஸ் ஆன ஈபிஓல 60 நிமிஷம். விண்டோஸ் கூடவே வர்ற டிஃபெண்டருக்கு, ஆபீஸ் நெட்வொர்க் மெஷினுக்கு செட்டிங் அனுப்பற குரூப் பாலிசி வழியா குடுத்தா 90 நிமிஷம், அதுக்கு மேல 30 நிமிஷம் வரைக்கும் ரேண்டமா கூடும். மைக்ரோசாஃப்டோட க்ளவுட் மேனேஜ்மென்ட் இன்ட்யூன்னா வழக்கமான செக்-இன் சுமார் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலைல மாத்திட்டு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள "வரல"ன்னு டிக்கெட் போட்டா யார் என்ன பண்றது.

"நான் கன்சோல்ல இருந்து ஃபோர்ஸ் சிங்க், அதாவது இப்பவே வாங்கிக்கோன்னு உத்தரவு, குடுத்தேனே"ன்னு கேப்பீங்க. அங்க தான் விஷயமே இருக்கு. வழக்கமா ஏஜென்ட் சர்வர்கிட்ட போகும், ஆனா நீங்க பட்டனை அழுத்தறப்போ சர்வர் மெஷினை கூப்பிடுது, அதாவது திசையே வேற, போர்ட்டும் வேற. கேஸ்பர்ஸ்கில அது யூடிபி 15000, ஈபிஓ வேக்-அப்க்கு டீஃபால்ட்டா 8081. மெஷின்ல இருக்கற ஃபயர்வால் அதை தடுக்கலாம், லேப்டாப் வீட்டு ரவுட்டருக்கு பின்னாடி இருந்தா கூப்பிடறது போய் சேரவே சேராது. அதனால ஃபோர்ஸ் சிங்க் ஃபெயில் ஆச்சுன்னா ஏஜென்ட் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, அடுத்த முறை அதுவா வந்து வாங்கிக்கும்.

சரி, நேரம் குடுத்தாச்சு, இன்னும் வரல. இப்ப கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: மெஷின் கைல இருக்கற பாலிசியும் சர்வர்ல இருக்கற பாலிசியும் ஒண்ணா? சிமான்டெக் எண்ட்பாயின்ட்ல எனக்கு பிடிச்சது இது தான், பாலிசி சீரியல் நம்பர்னு ஒண்ணு உண்டு, தேதி நேரம் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். கன்சோல்ல அந்த குரூப்போட விவரத்துல பாருங்க, க்ளையன்ட்ல ஹெல்ப்க்குள்ள ட்ரபிள்ஷூட்டிங்ல பாருங்க. பாதி பிரச்சனை அதுலயே ரெண்டா பிரிஞ்சிடும்.

நம்பர் வேற வேறன்னா வழில தான் கோளாறு. சர்வர் மாத்தினப்போ ஏஜென்ட் இன்னும் பழைய பேரையே தேடிட்டு இருக்கலாம், சர்டிபிகேட் காலாவதி ஆகியிருக்கலாம், மெஷின் கடிகாரம் தப்பா ஓடி பாதுகாப்பான டிஎல்எஸ் கனெக்ஷனே நிக்காம போகலாம். கேஸ்பர்ஸ்கில கேஎல்நாக்செக்னு ஒரு சின்ன டூல் ஏஜென்ட் கூடவே வரும், மெஷின்லயே ஓட்டினா எந்த சர்வர், எந்த போர்ட், கனெக்ட் ஆகுதா இல்லையான்னு நேரா சொல்லிடும், அதை ஓட்டாமலே சப்போர்ட்டுக்கு மெயில் போடறவங்க தான் அதிகம். இதுல ரொம்ப குழப்பற கேஸ் க்ளோன் இமேஜ். ஏஜென்ட்டோட சேர்த்து டிஸ்க் முழுசையும் நகல் (இமேஜ்) எடுத்து பல மெஷின்ல இறக்கினா எல்லாத்துக்கும் ஒரே ஐடி, கன்சோல்ல ஒரே என்ட்ரி தான் தெரியும், அதோட பேரும் ஐபியும் அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கும், நீங்க ஒரு மெஷினுக்குன்னு குடுத்தது இன்னொண்ணுக்கு போகும். பேர் மாறி மாறி தெரிஞ்சா வேற எதையும் நோண்டாதீங்க, அது தான்.

ஒரு மெஷின் மட்டும் இல்ல, எல்லாமே ஒரே நாள்ல நின்னுச்சுன்னா சர்வரை பாருங்க. சர்வரோட டேட்டாபேஸ் மைக்ரோசாஃப்டோட இலவச எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸா இருந்தா, 2022 வெர்ஷன்ல கூட ஒரு டேட்டாபேசுக்கு 10 ஜிபி தான் லிமிட், ஈவன்ட் குவிஞ்சு அது ரொம்பிடுச்சுன்னா சர்வரால எதையும் எழுதவே முடியாது.

நம்பர் ஒண்ணா இருந்தும் செட்டிங் மாறலையா, அப்ப பாலிசி வந்துடுச்சு, வேற ஏதோ அதை ஜெயிக்குது. கேஸ்பர்ஸ்கில செட்டிங் பக்கத்துல ஒரு பூட்டு இருக்கும், அது தொறந்து இருந்தா அந்த செட்டிங் மெஷின்ல கட்டாயம் ஆகாது. டிஃபெண்டர்ல டேம்பர் ப்ரொடெக்ஷன் ஆன்ல இருந்தா, அது காவல் காக்கற செட்டிங்கை குரூப் பாலிசி மூலமா மாத்தினாலும் கண்டுக்காது. ஜிபிரிசல்ட்னு குரூப் பாலிசி ரிப்போர்ட் எடுத்து பாத்தா பாலிசி அப்ளை ஆச்சுன்னு அழகா காட்டும், ப்ராடக்ட் தன் போக்குல இருக்கும். அதனால பவர்ஷெல்ல கெட்-எம்பிப்ரிஃபரன்ஸ் ஓட்டி நிஜமா என்ன செட்டிங் ஓடுதுன்னு ப்ராடக்ட்டையே கேளுங்க.

இன்னொண்ணு, "வைரஸ் டெஃபனிஷன் இன்னைக்கு தேதி காட்டுதே, அப்ப பாலிசியும் வந்திருக்கும்ல"ன்னு ஒரு வாதம். ரெண்டுக்கும் வழி வேற சார். டெஃபனிஷனை (வைரஸை அடையாளம் காட்டற பட்டியலை) ஆன்டிவைரஸ் கம்பெனியோட இன்டர்நெட் சர்வர்ல இருந்தே மெஷின் நேரா இறக்கிக்கலாம், பாலிசி உங்க மேனேஜ்மென்ட் சர்வர் குடுத்தா தான் உண்டு. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, கிரவுட்ஸ்டிரைக் ஆன்டிவைரஸோட கோளாறான அப்டேட், சேனல் ஃபைல் 291? சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துச்சு. சென்சார் (அவங்க ஏஜென்ட்) ஒரு வெர்ஷன் பின்னாடியே இருக்கட்டும்னு கவனமா பாலிசி போட்டு வச்சிருந்தவங்க மெஷினும் சேர்ந்து தான் விழுந்துச்சு, ஏன்னா அந்த பாலிசி சென்சார் வெர்ஷனுக்கு மட்டும் தான், சேனல் ஃபைல் மாதிரி கன்டென்ட் ஃபைல் அப்போ அதோட கட்டுப்பாட்டுலயே இல்ல. நம்ம பாலிசி எதை எல்லாம் ஆளுது, எதை ஆளலைன்னு எத்தனை பேர் டாக்குமென்ட்டை தொறந்து பாத்திருப்போம்?

எனக்கு நிஜமா கடுப்பு அந்த பச்சை டிக் மேல தான். பல கன்சோல்ல அதுக்கு அர்த்தம் ஏஜென்ட் சமீபத்துல பேசிச்சுங்கறது மட்டும் தான், மேனேஜர் அதை பாத்துட்டு "எல்லாம் பச்சையா இருக்கே"ம்பார். கடைசியா எந்த பாலிசி எத்தனை மணிக்கு மெஷின்ல அமலாச்சுன்னு அதே வரிசைல ஒரு கட்டத்துல காட்ட இவங்களுக்கு என்ன கஷ்டம்னு எனக்கு புரியவே இல்ல. அது வர்ற வரைக்கும், டிக்கெட் போடறப்போ வெறும் "பாலிசி அப்டேட் ஆகல"ன்னு எழுதாம மெஷின் எந்த குரூப்ல இருக்கு, ஏஜென்ட் கடைசியா எப்ப பேசிச்சு, ரெண்டு பக்கமும் பாலிசி நம்பர் என்னன்னு மூணையும் சேர்த்து போடுங்க. ஏஜென்ட்டை தூக்கறதுக்கு முன்னாடி லாக் ஃபோல்டரை காப்பி எடுத்துடுங்க.